சீரில் வந்த லேப்டாப்

எங்கள் கல்யாணச் சீரில் ஒரு லேப்டாப் இருந்தது. தொண்ணூறுகளின் பிற்பாதியில் கோயமுத்தூர்ப் பக்கம் மாப்பிள்ளைக்கு ஸ்கூட்டர் கொடுப்பார்கள், பைக் கொடுப்பார்கள், கொஞ்சம் பெரிய இடமென்றால் கார் சாவியைத் தட்டில் வைப்பார்கள். தொண்டாமுத்தூரில் தென்னந்தோப்பு வைத்திருந்த என் மாமனாருக்கு, சுற்றுவட்டாரத்தில் ஒருத்தரும் கொடுக்காததைக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. யாரோ ஒரு காலேஜ் வாத்தியாரைக் கேட்டு, ஊரெல்லாம் பெயர் சொல்லும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் லேப்டாப்பை வாங்கிவிட்டார். கம்பெனியின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. அந்த அளவு மரியாதைக்குக்கூட அவர்கள் தகுதியில்லை என்பது என் எண்ணம்.

மண்டபத்தில் கட்டில், பீரோ, கிரைண்டர், பித்தளை அண்டா எல்லாம் வரிசையாக இருக்க, நடுவில் ஒரு ஸ்டூலின் மேல் அதைத் திறந்து வைத்திருந்தார்கள். அண்டாவுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்த பெரியம்மா ஒருத்தர், கை ஓடின ஓட்டத்தில் லேப்டாப்புக்கும் ஒரு தீற்று தீற்றிவிட்டுப் போனார். அழகாகத்தான் இருந்தது.

எனக்கு அது நிஜமாகவே உபயோகப்படுகிற சாமான். நான் ஒரு பம்ப்செட் கம்பெனியில் சேல்ஸ் இன்ஜினியர். கிணற்றின் ஆழம் என்ன, பைப் எவ்வளவு நீளம், எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று தட்டினால் எந்த மோட்டார் பொருந்தும் என்று சொல்கிற புரோகிராம் ஒன்று எங்கள் ஆபீசில் இருந்தது. அதுவரை தடித்தடியாக சார்ட் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டுதான் டீலர் கடைகளுக்குப் போவேன். லேப்டாப்பை ஏற்றிக்கொண்டு போன முதல் மாதம் எனக்குக் கிடைத்த மரியாதை தனி. நாற்காலி துடைத்துப் போட்டார்கள்.

இரண்டாம் மாதம் காரமடையில் ஒரு டீலர் கடையில் மூடியை மூடி வைத்துவிட்டு டீ குடித்தேன். திறந்தால் எழுந்திருக்கவில்லை. தூங்கப் போன இயந்திரம் தூக்கத்திலேயே போய்விட்டது. பேட்டரியைக் கழற்றி மாட்டினால்தான் திரும்ப உயிர் வந்தது. இது தினமும் நடக்க ஆரம்பித்ததும் சர்வீஸ் சென்டருக்குப் போனேன்.

காந்திபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்தது அந்த சர்வீஸ் சென்டர். வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதாம். தூசியால் கெட்டுப்போன கம்ப்யூட்டர் ஒன்றைக்கூட நான் அங்கே பார்த்ததில்லை. வந்து கிடந்ததெல்லாம் அவர்கள் கொடுத்த ஃப்ளாப்பியால் கெட்டவை. உள்ளே ஏ.சி. குளிரில் டை கட்டிக்கொண்டு ஒரு இன்சார்ஜ் இருந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் தலையை ஆட்டினார்.

"பயாஸ் அப்டேட் வந்திருக்கு சார். போட்டாப் போதும், பர்ஃபெக்டா ஆயிடும்."

பயாஸ் என்றால் என்னவென்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். பொத்தானை அமுக்கியதும், திரையில் எதுவும் வருவதற்கு முன்னால் கண் விழிக்கிற சின்னப் புரோகிராம் அது. உள்ளே மதர்போர்டு என்கிற பலகையில் ஒரு சில்லுக்குள் எழுதி வைத்திருப்பார்கள். ஃபேன் ஓட வேண்டுமா, பேட்டரியில் எவ்வளவு மிச்சம், ஃப்ளாப்பி எங்கே இருக்கிறது என்று பார்த்து ஏற்பாடு பண்ணுவது அதன் வேலை. அதில் தப்பிருந்தால் கம்பெனி புதிதாக எழுதி ஒரு ஃப்ளாப்பியில் அனுப்பும். அதைப் போட்டுப் பழையதை அழித்து எழுத வேண்டும். அந்த ஐந்து நிமிஷம் மூச்சுவிடக் கூடாது என்கிற மாதிரி எல்லாரும் நிற்பார்கள்.

முதல் ஃப்ளாப்பி போட்டதும் லேப்டாப் தூக்கத்திலிருந்து ஒழுங்காக எழுந்தது. ஆனால் பேட்டரி முழுசாக இருப்பதாகக் காட்டிக்கொண்டே பத்தாவது நிமிஷத்தில் படக்கென்று அணைந்தது. இரண்டாவது ஃப்ளாப்பி பேட்டரியைச் சரிசெய்தது, ஃபேனை நிறுத்தியது. மடியில் வைத்தால் தோசை வார்க்கலாம். ஒவ்வொரு ஃப்ளாப்பியோடும் ஒரு தாள் வரும். அதில் நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டிருக்கிறது என்று இங்கிலீஷில் ஒரு வரி இருக்கும். போன தடவை நாங்கள்தான் கெடுத்தோம் என்று ஒரு தாளிலும் இருந்ததில்லை.

பம்ப் வேலையில் இருந்தவன் என்பதால் எனக்கு இது விளங்கவே இல்லை. நாங்கள் ஒரு மோட்டாரை ஃபேக்டரியை விட்டு அனுப்புவதற்கு முன்னால் தொட்டியில் இறக்கி ஓடவிட்டுப் பார்ப்போம். தண்ணீர் குறைவாக வந்தால் திரும்ப உள்ளே போகும். இந்த மகானுபாவர்கள் வாங்கினவன் கிணற்றில்தான் முதன்முதலாக இறக்கிப் பார்க்கிறார்கள். அது ஓடாவிட்டால் வாங்கினவனுக்கு இன்னொன்றை அனுப்பி, அதையும் அவன் கிணற்றிலேயே பரிசோதிக்கிறார்கள். வெட்கம் என்று ஒன்று இருந்தால் இப்படி ஒரு தொழிலை நடத்த முடியாது.

மூன்றாவது ஃப்ளாப்பிதான் சிகரம். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் தேதி குழம்பி நின்றுவிடும் என்று உலகமே பயந்துகொண்டிருந்த சமயம். அதற்கும் சேர்த்து, ஃபேனுக்கும் சேர்த்து ஒரே அப்டேட் என்று இன்சார்ஜ் பெருமையாகச் சொன்னார். போட்டார். ஃபேன் ஓடியது. தேதி சரியாக இருந்தது. ஃப்ளாப்பி டிரைவைத்தான் காணோம். இருக்கிறது, கையால் தொடலாம், ஆனால் லேப்டாப்புக்கு அப்படி ஒன்று தனக்கு இருப்பதே ஞாபகம் இல்லை. ஒரு மாதம் கழித்து அதற்கு மருந்து வந்துவிட்டது என்று போன் பண்ணிக் கூப்பிட்டார்கள். போனேன். மருந்து ஃப்ளாப்பியில் இருந்தது.

நான் ஃப்ளாப்பியைப் பார்த்தேன். இன்சார்ஜைப் பார்த்தேன். அவர் கொஞ்சம்கூடக் கூச்சப்படவில்லை.

"வேற வழியில ட்ரை பண்றோம் சார். அஞ்சே நிமிஷம்."

அந்த ஐந்து நிமிஷத்தில் லேப்டாப் செத்தது. பொத்தானை அமுக்கினால் ஒரு பச்சை விளக்குகூட எரியவில்லை. பலகையை மாற்ற வேண்டும் என்றார். வாரண்டி இருக்கிறதே என்றேன். லேப்டாப்பைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். மூடியும் உடம்பும் சேருகிற இடுக்கில் மஞ்சளாக எதுவோ காய்ந்து ஒட்டியிருந்தது. "லிக்விட் உள்ள போயிருக்கு சார், வாரண்டி வராது" என்று ஒரு படிவத்தில் எழுதி, என்னிடமே கையெழுத்துக் கேட்டார். நானும் போட்டுக் கொடுத்தேன். மேஜையைக் குத்திச் சண்டை போட்டிருக்க வேண்டும். "சரிங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தேன். எனக்கு வாயில் வந்தது அதுதான்.

கம்பெனியை மாமனாரைக் கொண்டே மடக்கியிருக்கலாம். வாங்கினவர் அவர், பில் அவர் பெயரில் இருந்தது. ஆனால் என் மனைவி ஆரம்பத்திலேயே கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க. எங்கத்தைக்குக் குடுத்த கிரைண்டர்ல கல்லு சத்தம் போடுதுன்னு எங்க மாமா ஒரே ஒரு வார்த்தை சொன்னாருங்க. தாத்தா அன்னைக்கே புதுசு கொண்டாந்து எறக்கிப்போட்டு, தண்ணிகூடக் குடிக்காமப் போனவருதான். அப்பறம் ஏழு வருசம் அந்த ஊட்டுப் படியே மிதிக்கலீங்க."

எங்கள் பக்கத்தில் சீரைக் குறை சொல்வது கொடுத்தவரைக் குறை சொல்வது. பீரோ கதவு சரியாக மூடவில்லை என்றால் மாப்பிள்ளை தானே ஆசாரியைக் கூப்பிட்டு இழைத்துக்கொள்ள வேண்டும். "எப்படி இருக்குதுங்க மாப்ள?" என்று கேட்டால் "அருமைங்க மாமா" என்பதுதான் பதில். மாமனார் மனசு வருத்தப்படக் கூடாது, அவர் மகளுக்கு நம் வீட்டில் தலைகுனிவு வரக் கூடாது. இந்த இரண்டுக்காகவும் அந்த லேப்டாப் செத்த செய்தி அவர் காதுக்குப் போகக் கூடாது என்று நாங்கள் இருவரும் முடிவு பண்ணினோம். அதை நல்ல முடிவு என்றுதான் அப்போது நினைத்தேன்.

எனவே சார்ட் புத்தகங்கள் திரும்ப வேலைக்கு வந்தன. லேப்டாப் பை மட்டும் என்னோடு வந்துகொண்டிருந்தது, மாமனார் ஊருக்குப் போகும்போது தவறாமல். அந்தத் தீவாளி நோம்பிக்குப் போயிருந்தபோது அவர் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் இரண்டு பேரைக் கூட்டி வந்துவிட்டார். அந்த வாரம்தான் மலையிலிருந்து யானை இறங்கி அவர்களில் ஒருவர் வாழையை மிதித்துப் போட்டிருந்தது.

"எங்க மாப்ள அல்லா வேலையும் இதுலதானுங்க பாக்கறாரு" என்று சொல்லி எனக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

நான் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, திரை எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி மூடியைத் திறந்து, கறுப்புத் திரையைப் பார்த்தபடி தட்ட ஆரம்பித்தேன். கால் மணி நேரம் தட்டினேன். நடுவில் புருவத்தைக்கூடச் சுருக்கினேன். வாழைக்காரர் எட்டிப் பார்க்காமல் மரியாதையாகக் கேட்டார்: "ஏனுங்க, யானை என்னைக்கு வரும்னு இதுல தெரியுங்களா?" தெரியாதுங்க என்றேன். அன்றைக்கு நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். சமையலறை வாசலில் நின்றிருந்த என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சிரிப்பாகத்தான் இருந்தது, மச்சினிக்குக் கல்யாணம் நிச்சயமாகும் வரைக்கும்.

மாப்பிள்ளை வீடு அந்தியூர். பையன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நிச்சயத்தன்று வீடு நிறைய ஆள். சீர் பேச்சு வந்ததும் மாமனார் கணீரென்று சொன்னார்: "பெரிய மாப்ளைக்குக் குடுத்த அதே கம்பெனி லேப்டாப்பே இவருக்கும் குடுத்தர்றமுங்க. ரெண்டு வருசமா வெச்சிருக்கறாரு. ஒரு தொந்தரவு இல்லை. நீங்களே கேட்டுக்கங்க." எல்லாருடைய முகமும் என் பக்கம் திரும்பியது.

அந்த இடத்தில் வேறு யாராவது என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். நான் சொன்னது: "அருமையா இருக்குதுங்க."

திரும்பி வரும்போது பஸ் உக்கடத்தை நெருங்கியது. என் மனைவி மெதுவாக, "சொல்லிப்போட்டீங்களே" என்றாள். "நீதானே சொல்ல வேண்டாம்னே" என்றேன். "சும்மா இருக்கச் சொன்னனுங்க. சாட்சி சொல்லச் சொன்னனா?" என்றாள்.

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. ஒரு நாள் தனியாகத் தோப்புக்குப் போய், "மாமா, இது வேண்டாமுங்க, வேற கம்பெனி பாருங்க" என்று சொல்லியிருந்தால் முடிந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சர்வீஸ் சென்டருக்குப் போனேன். என் லேப்டாப்பைக் கொன்ற அதே மனிதரிடம் போய், புது மாடலில் இந்தத் தொல்லையெல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்டேன். "புது மாடல்ல அந்தப் பேச்சே இல்ல சார், பர்ஃபெக்ட்" என்றார். நம்பினேன். நம்பினால் எனக்குச் சௌகரியமாக இருந்தது, அவ்வளவுதான். அவரை நான் எவ்வளவு கேவலமாக நினைத்தேனோ அதில் பாதியாவது என்னை நினைத்திருக்க வேண்டும்.

கல்யாணம் நடந்தது. ஆடி நோம்பிக்குப் புது ஜோடி தொண்டாமுத்தூர் வந்தது. எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். இலை எடுத்த பிறகு, சின்ன மாப்பிள்ளை தன் லேப்டாப்பைக் கொண்டு வந்து மாமனார் முன்னால் மேஜையில் வைத்தார்.

"மாமா, தப்பா நெனச்சுக்காதீங்க. இது குப்பைங்க. பயாஸ் போடச் சொல்லி அவனே ஃப்ளாப்பி அனுப்பறான், போட்டா அன்னைக்கே படுத்துக்குது. பில்லு மட்டும் குடுங்க, நான் போய்ச் சண்டை போட்டு மாத்திக்கறேன்."

சீரைக் கொடுத்தவர் முகத்துக்கு நேரே குப்பை என்று சொல்லிவிட்டார். மாமனார் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவார், இனி ஏழு வருஷத்துக்குப் பேச்சுவார்த்தை இருக்காது என்று நினைத்து என் மனைவியைப் பார்த்தேன். அவளும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமனார் எழவில்லை. கோபப்படவும் இல்லை. யோசனையாகச் சொன்னார்: "அதென்னங்க, பெரிய மாப்ளது ரெண்டு வருசமா ஓடுதே. சித்த அவரைக் கேட்டுப் பாருங்க, எப்படி வெச்சிருக்கறாருன்னு."

சின்னவர் சந்தோஷமாக என் பக்கம் திரும்பினார். "அண்ணா, உங்களுதுல எந்த வெர்ஷன் போட்டிருக்குதுங்க? எடுங்க பாக்கலாம்." பை என் காலடியில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை. அவரே எடுத்தார், திறந்தார், பொத்தானை அமுக்கினார். இன்னொரு தடவை அமுக்கினார்.

"சார்ஜ் இல்லீங்களா மாப்ள?" என்று மாமனார் என்னைக் கேட்டார். அந்த நேரத்திலும் எனக்குத் தப்பிக்க ஒரு வழி விட்டுத்தான் கேட்டார். வயரைச் செருகினார்கள். ஒன்றும் எரியவில்லை.

"இது செத்து ரொம்ப நாள் ஆச்சுங்க போல" என்றார் சின்னவர்.

"ஒரு வருசத்துக்கு மேல ஆச்சுங்க மாமா" என்றேன்.

மாமனார் லேப்டாப்பைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "சொல்லியிருக்கலாமுங்களே மாப்ள" என்றார். பிறகு உள்ளே பார்த்து, "அம்மணி, மாப்ளைகளுக்கு மோர் கொண்டா கண்ணு" என்றார். நான் எதிர்பார்த்துப் பயந்திருந்த சத்தம் எதுவுமே வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

மறுநாள் மூன்று பேரும் சர்வீஸ் சென்டருக்குப் போனோம். சின்னவர் செருப்பைக் கழற்றவில்லை. நேராக உள்ளே போய் மேஜையைத் தட்டி, எந்த வெர்ஷனில் என்ன கெட்டது என்று எழுதி வைத்திருந்த தாளைப் போட்டு, பலகையை மாற்றித் தருகிறாயா, உன் கம்பெனியின் மேல் கேஸ் போடட்டுமா என்றார். எனக்கு இரண்டு வருஷம் பர்ஃபெக்ட் சொன்ன இன்சார்ஜ் எழுந்து நின்று "சார், சார்" என்றார். டைகூடக் கோணலாகிவிட்டது. என்னுடையதையும் எடுத்து வைத்தபோது, லிக்விட் போன மெஷின் என்று பழைய படிவத்தைக் காட்டினார், என் கையெழுத்தோடு. மாமனார் லேப்டாப்பை வாங்கி அந்த மஞ்சளை நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார்.

"இது சந்தனமுங்க" என்றார். "எங்க மண்டபத்துல வெச்சதுங்க."

ஒரே வாரத்தில் இரண்டுக்கும் புதுப் பலகை வந்தது. நான் அந்தப் படி ஏறி இறங்கின அத்தனை தடவையும் எதற்கென்று யாரும் கேட்கவில்லை. லேப்டாப் அதற்கப்புறம் சுமாராக ஓடியது. எனக்குத்தான் அதைத் திறக்கவே பிடிக்கவில்லை.

மாமனார் என்னோடு பேச்சை நிறுத்தவில்லை. வாங்க மாப்ள, உக்காருங்க மாப்ள, இளநி வெட்டட்டுங்களா மாப்ள என்று ஒரு ‘ங்க’ குறையாமல் நடத்தினார். அடுத்த வருஷம் பங்குனியில் போயிருந்தபோது தோப்பில் புதிதாக போர்வெல் போட்டிருந்தார். மோட்டாரும் இறக்கியாயிற்று. வேறு கம்பெனி மோட்டார். பத்து வருஷமாக அதே தொழிலில் இருக்கிற மருமகன் கோயமுத்தூரில் உட்கார்ந்திருக்க, பெங்களூருக்கு போன் பண்ணி, சின்ன மாப்பிள்ளை யாரையோ விசாரித்துச் சொன்னதை வாங்கியிருக்கிறார்.

"உங்களுக்கு வேலை சாஸ்தி, எதுக்குங்க தொந்தரவு பண்றதுன்னுதானுங்க" என்றார்.

எத்தனை அடி என்று கேட்டேன். சொன்னார். சார்ட் புத்தகம் எதுவும் தேவைப்படவில்லை. அந்த ஆழத்துக்கு அந்த மோட்டாரால் தண்ணீரைத் தூக்க முடியாது, முக்கி முக்கிச் சூடாகி, உள்ளே இருக்கிற கம்பிச் சுருள் எரிந்துவிடும். இந்தத் தடவை நான் வாயை மூடிக்கொள்ளவில்லை.

"மாமா, இது பத்தாதுங்க. இப்பவே மாத்திப்போடுங்க. இல்லீன்னா எரிஞ்சு போயிருமுங்க."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் அன்பாகப் பார்த்தார்.

"அப்படிங்களா மாப்ள" என்றார். போய் ஸ்விட்சைப் போட்டார்.

வைகாசியில் அந்த மோட்டார் எரிந்தது. எனக்கு அதை என் மனைவி சொன்னாள். அவளுக்கு அவள் தங்கச்சி பெங்களூரிலிருந்து போன் பண்ணிச் சொல்லியிருந்தாள்.